கோஷர் வீட்டு மளிகைச் செலவு: சட்டம் காரணமா, கூடை காரணமா?

கணக்கர்_புரூக்ளின்

வணக்கம். புரூக்ளினில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கோஷர் என்னும் யூத மத உணவுச் சட்டத்தை இம்மியும் பிசகாமல் கடைப்பிடிக்கும் யூதர்கள். அவர்களில் ஒருவர் எட்டுப் பிள்ளைகளின் தகப்பனார். போன வாரம் ரசீதுக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "எதைக் குறைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவர் வீட்டில் வாடகைக்கு அடுத்த பெரிய செலவு மளிகைதான். யாரும் ஊதாரி இல்லை.

"திட்டம் போட்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செலவு அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாட்டிறைச்சியைப் பாருங்கள். ஷோகெட் என்ற, மதமுறைப்படி அறுக்கப் பயிற்சி பெற்றவர்தான் அறுக்க வேண்டும். அறுத்ததும் நுரையீரலைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒட்டு இல்லாமல் வழவழவென்று இருந்தால்தான் அது 'கிளாட்'. இல்லையென்றால் பெரும்பாலும் வெளிச்சந்தைக்குப் போய்விடும். தேறிய மாட்டிலும் அமெரிக்காவில் பொதுவாக முன்பாதி மட்டும்தான் கோஷர் கடைக்கு வரும். பின்பாதியில் தொடை நரம்பையும் விலக்கப்பட்ட கொழுப்பையும் எடுக்கக் கைதேர்ந்த ஆளும் நிறைய நேரமும் வேண்டும். அதனால் அதை அப்படியே மற்றவர்களுக்கு விற்றுவிடுகிறார்கள். அப்புறம் இரத்தம் போக அரைமணி நேரம் தண்ணீரில் ஊறல், ஒரு மணி நேரம் உப்பில், பிறகு அலசல். இத்தனை பேருடைய கூலியும் அந்த ஒரு பவுண்டு விலைக்குள் இருக்கிறது.

பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பதால் பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம். புளித்த மாவு விலக்கான பஸ்கா பண்டிகைக்கு இரண்டுமே வேறு. அந்தப் பண்டிகைக்குக் காவலோடு மாவு பிசைந்து கையால் தட்டிச் சுட்ட புளிக்காத ரொட்டியான ஷ்முரா மட்சா பவுண்டு 30 டாலரைத் தாண்டுகிறது. பத்துப் பேர் உட்காரும் மேசைக்கு எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள்.

லேக்வுட்_அம்மா

கணக்கர் அண்ணா, நான் திருச்சிக்காரி. முறைப்படி யூத மதத்துக்கு மாறி, நியூ ஜெர்சியின் லேக்வுட்டில் 19 ஆண்டுகளாகக் கோஷர் அடுப்படி நடத்துகிறேன். ஏழு பிள்ளைகள். இறைச்சியைப் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் கோஷர் என்றாலே இறைச்சி என்பது போல எழுதிவிட்டீர்களே.

கோஷரில் மிக மலிவானது, ரபிகள் என்ற யூத மதகுருக்கள் சான்றாகத் தரும் முத்திரையே தேவைப்படாத பகுதி. வெறும் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், ஆப்பிள், ஓடு உடையாத முட்டை, முழுச் சீரகம், முழு மிளகு. இவற்றில் எதற்கும் எந்த ரபியின் அடையாளமும் வேண்டாம். எந்தக் கடையில் மலிவோ அங்கே வாங்கலாம். எண்ணெய், மாவு, தக்காளிக் கூழ் போன்றவற்றுக்கு முத்திரை பார்ப்பேன். ஆனால் சாதாரண சூப்பர் மார்க்கெட்டின் சொந்தச் சரக்கிலேயே 'ஓ.யூ.' முத்திரை நிறைய இருக்கிறது. காஸ்ட்கோ என்ற பெரிய கடையின் சொந்தச் சரக்கான கிர்க்லண்ட் பொருள்களிலும் பலவற்றில் உண்டு. கோஷர் கடைக்குள் போய்தான் எல்லாம் வாங்க வேண்டும் என்ற பழக்கம்தான் பலரின் பையைக் காலி செய்கிறது.

எங்கள் வீட்டில் ஞாயிறு முதல் வியாழன் வரை இறைச்சி கிடையாது. பருப்புச் சோறு, முட்டைக் குழம்பு, பயறு சூப், சுட்ட உருளைக்கிழங்கு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பழைய யூதச் சட்டநூலான தால்முட்டில் ஹுலின் பகுதி 84-ஆம் ஏட்டில் இருக்கிறது: ஒரு மானே (அந்தக் காலப் பண அளவு) உள்ளவன் சட்டிக்குக் காய்கறி வாங்கட்டும், பத்து உள்ளவன் மீன் வாங்கட்டும், ஐம்பது உள்ளவன் இறைச்சி வாங்கட்டும், நூறு உள்ளவன் தினமும் சட்டி ஏற்றட்டும். மற்றவர்கள் எப்போது? வெள்ளிக்கு வெள்ளி.

பழைய யூத அடுப்படி முழுக்கச் சிக்கனத்தில் பிறந்ததுதான். சோலண்ட் என்பது பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, நடுவில் கையளவு எலும்புக்கறி. கெஃபில்டே மீன் என்பது ஒரு மீனை அரைத்து, முட்டையும் மட்சாத் தூளும் சேர்த்துப் பத்துத் தட்டுக்கு வரச் செய்வது. கோழிக்கு 'கிளாட்' விவகாரமும் இல்லை. நான் முழுக்கோழியாக வாங்குவேன். கழுத்தும் இறக்கையும் சூப்புக்கு, நெஞ்சுக்கறியைத் தட்டி மெல்லியதாக்கி வறுவலுக்கு, தோல் கொழுப்பை உருக்கி வெங்காயம் வதக்க. துண்டு போட்ட நெஞ்சுக்கறிப் பொட்டலத்தை நான் வாங்கிப் பல வருடமாகிறது.

பினேபிராக்_துணை

அக்கா, நீங்கள் எழுதியதைப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்த வேலையை யார் செய்வது?

நான் நாகர்கோவில். இஸ்ரேலில் பினே பிராக் ஊரில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். பாட்டியின் மகளுக்கு ஒன்பது பிள்ளைகள். அவர் கணவர் கோலெல் என்ற, மணமானவர்களுக்கான மதக் கல்விக்கூடத்தில் நாள் முழுக்க யூத வேதமான தோரா படிக்கிறார், அதற்கு வரும் உதவித்தொகை சிறியது. மகள்தான் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார். வீட்டுக்கு வரும்போது மணி நாலாகிவிடும்.

வியாழன் இரவு அந்த அடுப்படியை நீங்கள் பார்க்க வேண்டும். கீரையையும் லெட்யூஸையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, ஒவ்வோர் இலையாக விளக்குக்கு நேரே பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு சின்னப் பூச்சி வயிற்றுக்குள் போனாலும் தோராச் சட்டப்படி குற்றம். காலிஃபிளவர் என்றால் இன்னும் கஷ்டம். அரிசியைத் தட்டில் பரப்பிப் பாட்டி பொறுக்குகிறார். மறுநாள் வெள்ளி. குளிர்காலத்தில் நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கி, சப்பாத்து என்ற ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடும் தயாராக வேண்டும், அப்புறம் சனிக்கிழமை இருட்டும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. பூச்சி வராதபடி மூடிய கொட்டகையில் வளர்த்த கீரைக்கு விலை அதிகம். அந்த அம்மா அதை வாங்கும் வாரத்தில்தான் இரவு ஒரு மணிக்கு முன் படுக்கிறார். அதை ஆடம்பரச் செலவுப் பட்டியலில் தயவுசெய்து போடாதீர்கள்.

வீட்டில் மாவு பிசைந்து சுட்ட ரொட்டியைவிடக் கடை ரொட்டி விலை கூட என்பது அவருக்கும் தெரியும். தூக்கத்தைக் கொடுத்துத்தான் அந்த மிச்சத்தை வாங்க முடிகிறது.

ஏடு_புரட்டுபவன்

நான் கோஷர் கடைப்பிடிப்பவன் அல்ல. யூத வரலாறு படிக்கிறவன். கணக்கர் ஐயா விலையைச் சட்டத்தின் தலையில் வைக்கிறார். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. சட்டம் தேவையை உண்டாக்குகிறது, விலையை விற்கிறவர் வைக்கிறார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தவர்கள் ரபிகளே.

தால்முட்டுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூலில் கெரித்தோத் பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. எருசலேமில் பிள்ளை பெற்ற பெண்கள் காணிக்கையாகக் கொடுக்கும் ஒரு ஜோடிப் புறாவின் விலை பொன் தினார் வரை ஏறிவிட்டது. ரபான் ஷிமோன் பென் கம்லியேல், விலை இறங்காமல் இன்று இரவு தூங்க மாட்டேன் என்று ஆணையிட்டு, பல பேறு கண்டவளுக்கும் ஒரே காணிக்கை போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றே ஜோடி வெள்ளித் தினாரில் கால்பங்கு அளவுக்கு இறங்கியது. 17-ஆம் நூற்றாண்டில் இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்கில், யூதர்கள் சப்பாத்துக்கு எப்படியும் வாங்குவார்கள் என்று தெரிந்து மீன்காரர்கள் விலையை ஏற்றினார்கள். ரபி மெனாகெம் மெண்டெல் குரோக்மால், ஏழைகளும் மீன் வாங்கும்படி ஆக வேண்டும் என்பதற்காகக் கொஞ்ச காலம் யாருமே மீன் வாங்காமல் இருக்கலாம் என்று பதில் எழுதினார்.

உங்கள் நியூயார்க்கிலேயே நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1902 மே மாதம் லோயர் ஈஸ்ட் சைடில் கோஷர் மாட்டிறைச்சி பவுண்டு 12 சென்டிலிருந்து 18 சென்டுக்கு ஏறியது. குடும்பப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய் "கறி வாங்காதே" என்றார்கள். விற்ற கடைகளின் கண்ணாடியை உடைத்தார்கள், கறியின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், கைதானார்கள். ஜூனில் விலை 14 சென்டுக்கு வந்தது. அவர்கள் எதிர்த்தது விலையைத்தான், கோஷரை அல்ல.

இன்னொன்றும் உண்டு. இன்று கூடையில் இருக்கும் பல செலவுகள் சட்டத்துக்கு மேலே ஏற்றிக்கொண்ட கடுமை. அமெரிக்காவில் வேறு விலங்கின் பால் கலக்காதபடி அரசின் கண்காணிப்பு இருப்பதால் சாதாரணக் கடைப் பாலே போதும் என்று 20-ஆம் நூற்றாண்டின் மாபெரும் ரபிகளில் ஒருவரான மோஷே ஃபைன்ஸ்டைன் தீர்ப்பு எழுதினார். ஆனாலும் யூதர் கண்முன் கறந்த பாலைத்தான் வாங்குவோம் என்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் பால் எவ்வளவு ஓடும்?

கணக்கர்_புரூக்ளின்

ஏடு தம்பி, அந்தப் பால் விஷயத்தில் நீங்கள் வெளியே நின்று பேசுகிறீர்கள். ஒரு குடும்பம் எந்த முத்திரையை ஏற்கிறது என்பது அவர்கள் மட்டும் எடுக்கும் முடிவு அல்ல. பிள்ளை படிக்கும் பள்ளி எந்த முத்திரையை ஏற்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தால் உங்கள் வீட்டில் சாப்பிடுமா? நாளைக்குப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது என்ன கேட்பார்கள்? மலிவான முத்திரைக்கு இறங்கினால் மேசை காலியாகிவிடும். அதுவும் ஒரு விலைதானே?

சட்டத்தில் செலவு இல்லை என்கிறீர்கள். பஸ்காவுக்கு முன் ஊரே பணம் சேர்த்து ஏழைக்குக் கொடுக்கும் 'மாவோத் கிட்டிம்' வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கோதுமைக் காசு என்று பொருள். எருசலேம் தால்முட் காலத்திலேயே இருக்கிறது. இந்தப் பண்டிகையைச் சொந்தப் பணத்தில் எல்லாராலும் நடத்த முடியாது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. புரூக்ளினில் 'மஸ்பியா' என்ற கோஷர் அன்னதானக் கூடம் 2005 முதல் நடக்கிறது. நன்றாக உழைக்கிறவர்களும் பண்டிகைக் காலத்தில் உதவிப் பெட்டி வாங்குகிறார்கள்.

புதியவன்_77

வெளியாள் கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். முழுச் சைவமாக இருந்துவிட்டால் பிரச்சினை தீராதா?

லேக்வுட்_அம்மா

தவறே இல்லை, தம்பி. பாதி தீரும். ஆனால் சைவம் என்று பாலாடைக்கட்டிப் பக்கம் போனால் அங்கேயும் விலைதான். பால் விஷயத்தில் இளகுகிறவர்கள்கூடப் பாலாடைக்கட்டிக்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும் என்பார்கள்.

சப்பாத்தில் இறைச்சி சாப்பிட்டே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. "அடுத்தவர் கையை எதிர்பார்ப்பதைவிட உன் சப்பாத்தைச் சாதாரண நாள் போல ஆக்கிக்கொள்" என்றார் ரபி அகிவா. ஆனால் இன்னொரு வாக்கும் இருக்கிறது: ஒருவனுடைய ஆண்டுப் படி புத்தாண்டிலேயே அளந்து வைக்கப்படுகிறது, சப்பாத்து, பண்டிகை, பிள்ளைகளின் தோராப் படிப்பு ஆகிய செலவுகள் மட்டும் அந்த அளவில் சேராது, கூடச் செலவழித்தால் கூடவே கிடைக்கும். என் கணவர் இரண்டாவதைச் சொல்வார், நான் முதலாவதைச் சொல்வேன். வாராவாரம் கடைக்குப் போகும் முன் இந்தப் பேச்சு உண்டு.

கணக்கர் அண்ணா, மேசை காலியாகும் என்றீர்களே, அது எனக்கு நடந்தது. முதல் வருடம் ஒரு விருந்தாளி என் சமையலைத் தொடாமல், கொண்டுவந்த பழத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்று இரவு அழுதேன். அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சப்பாத்து மேசைக்கு வருவதெல்லாம் எல்லாரும் ஏற்கும் முத்திரை. வாரநாளில் எங்கள் ரபி அனுமதிக்கும் மலிவான முத்திரை.

பஸ்கா பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோதுமை இல்லாத காலை உணவு, போலி நூடுல்ஸ், போலி கேக் மாவு எதுவும் நான் வாங்குவதில்லை. அந்த எட்டு நாளும் உருளைக்கிழங்கு, முட்டை, கோழி, காய், பழம். என் கணவர் வீடு அஷ்கெனாசி (ஐரோப்பிய யூத) வழி, அதனால் அரிசியும் பருப்பும் அந்த வாரம் கிடையாது. அது எனக்குத்தான் கஷ்டம். செபார்டி (ஸ்பெயின் யூத மரபு) வீட்டில் பிறந்தவர்கள் பலரும் அரிசி சாப்பிடலாம். ஷ்முரா மட்சாவைச் சேடர் என்ற பண்டிகைத் தொடக்க விருந்து இரவுகளுக்கு மட்டும் எண்ணி வாங்குவேன். மற்ற நாளுக்கு இயந்திர மட்சா. அதன் ஐந்து பவுண்டுப் பெட்டியைப் பண்டிகைக்கு முன் சில சூப்பர் மார்க்கெட்டுகள் குறிப்பிட்ட தொகைக்கு வாங்கினால் இலவசமாகவே தருகின்றன.

பினே பிராக் தங்கை, உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்கு வெளிவேலை இல்லை. அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

கணக்கர்_புரூக்ளின்

பத்து நாள் கழித்து வருகிறேன். அந்தத் தகப்பனாரின் மூன்று மாத ரசீதுகளையும் வரிவரியாகப் பிரித்தேன். இறைச்சிதான் முதலிடம், அதில் என் வாதம் நிற்கிறது. ஆனால் இரண்டாவது இடத்தில் பாலோ மட்சாவோ இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் சின்னச் சின்னப் பொட்டலத் தின்பண்டமும் வியாழன் இரவுப் பீட்சாவும். எட்டுப் பிள்ளை, வாரத்துக்கு ஐந்து நாள். அங்கே லேக்வுட் அம்மா சொன்னதுதான் சரி, நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஏன் வியாழன் என்று கேட்டேன். அன்று சப்பாத்துச் சமையல், வேறெதற்கும் அவர் மனைவிக்குக் கை ஒழியாது என்றார். பினே பிராக் தங்கை எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பினேபிராக்_துணை

இங்கே போன வியாழன் பெரிய பையன்கள் இருவரும் கீரை அலசினார்கள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, விளக்குக்கு நேரே இலையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். சின்னவன் மூன்று இலையைத் தவறாகத் தேற்றிவிட்டான், பாட்டி திருப்பிக் கொடுத்தார். கணக்கர் அண்ணா, உங்கள் வாடிக்கையாளரின் எட்டுப் பிள்ளைகளில் பதின்மூன்று வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்?

கணக்கர்_புரூக்ளின்

நான்கு பேர். மூன்று பையன்கள். இன்றிரவே அவரைக் கூப்பிடுகிறேன்.