டாப் லோட் மெஷின்: துவைக்கிறது, தண்ணீர் வெளியேறுகிறது, ஸ்பின் மட்டும் ஆகவில்லை

மாடிவீடு_தாம்பரம்:
வணக்கம். 6.5 கிலோ ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோட், பெல்ட் வைத்த மாடல், வாங்கி 7 வருஷம். போர் தண்ணீர்தான், டிடிஎஸ் மீட்டரில் 1,400 பக்கம் காட்டும். ஒரு வாரமாகத் தகராறு. துவைப்பது சரி, அலசுவது சரி, தண்ணீரும் ஒழுங்காக வெளியே போகிறது. ஸ்பின் கட்டம் வந்ததும் 'உர்ர்' என்று சத்தம், உள்ளே இருக்கும் டப் இடமும் வலமுமாக இடிக்கிறது, பிறகு தானாகவே தண்ணீர் பிடிக்க ஆரம்பிக்கிறது. இப்படி இரண்டு மூன்று தடவை. கடைசியில் 'யுஇ' என்று காட்டி பீப் அடித்து நின்றுவிடுகிறது. துணியைச் சொட்டச் சொட்ட எடுத்துக் கையால் பிழிகிறோம்.

வந்த மெக்கானிக் பின்பக்க மூடியைக் கழற்றவே இல்லை, 'போர்டு போச்சு, 4,800 ஆகும்' என்கிறார். மாற்றலாமா?

ரிச்சி_தெரு:
போர்டு வேண்டாம் சார். கெபாசிட்டர் மாற்றிப் பாருங்கள். 'உர்ர்' சத்தம் என்றாலே கெபாசிட்டர்தான். பழசில் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று அச்சடித்திருக்கும், அதே மதிப்பில், 450 வோல்ட் ஏசி பார்த்து வாங்குங்கள்.

ஸ்பேனர்10:
கெபாசிட்டர் சந்தேகம் நியாயம்தான், ஆனால் இந்தக் கேஸில் பொருந்தவில்லை. துவைக்கும்போது இதே மோட்டார் தண்ணீரும் துணியுமாக முழுப் பாரத்தை இழுத்துக்கொண்டு சில நொடிக்கு ஒருமுறை திசை மாறித் திசை மாறிச் சுற்றுகிறது. கெபாசிட்டர் தளர்ந்திருந்தால் முதலில் அங்கேதான் திணறும். அவர் துவைப்பது சரி என்கிறார். பெல்ட் வழுக்கினாலும் பெரும்பாலும் துவைக்கும்போதே தெரியும், ரப்பர் கருகும் வாடையும் வரும்.

மாடிவீடு, எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. துணி இல்லாமல், தண்ணீர் இல்லாமல் ஸ்பின் மட்டும் செட் செய்து ஓட விடுங்கள். மூடி சாத்தியே இருக்கட்டும், கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ட்ரம்மும் அதன் அடியில் துணியைச் சுழற்றும் பல்சேட்டர் தட்டும் ஒன்றாகச் சேர்ந்து சுற்றினால், இரண்டையும் பூட்டும் கிளட்ச் நன்றாக இருக்கிறது, சிக்கல் பாரம் ஒருபக்கம் சேருவதில். இரண்டுமே அசையாமல் உறுமினால் ரிச்சி சொன்னது. பல்சேட்டர் மட்டும் சுற்றி ட்ரம் நின்றால் போர்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. வேறு இடம்.

ஸ்பின் தொடங்குவதற்கு முன் அடியிலிருந்து ஒரு 'டக்' அல்லது மெல்லிய 'கிர்ர்' வருகிறதா என்றும் காது வையுங்கள்.

மாடிவீடு_தாம்பரம்:
பார்த்தேன். பல்சேட்டர் வேகமாகச் சுற்றுகிறது. ட்ரம் நின்ற இடத்திலேயே உதறுகிறது, இடையில் கொஞ்சம் இழுபட்டு நகர்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வெளியேறும்போது 'கிர்ர்' சத்தம் வருகிறது, பிறகு 'டக்'.

ஸ்பேனர்10:
அப்படியானால் கிளட்ச் லீவர் முழுசாக இழுபடவில்லை. 4,800 ரூபாயை இப்போதைக்குப் பத்திரமாக வையுங்கள்.

இந்த வகை மெஷினில் மோட்டார் ஒன்றுதான். துவைக்கும்போது ட்ரம்மை பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு பல்சேட்டரை மட்டும் சுற்ற வேண்டும். ஸ்பின்னில் பிரேக்கை விடுவித்து இரண்டையும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வது டிரெயின் மோட்டார் என்ற சின்னப் பெட்டி. அது ஒரு கம்பியை இழுக்கும். இழுப்பின் முதல் பாதியில் டிரெயின் வால்வு திறக்கும், மீதிப் பாதியில் கியர் பாக்ஸின் மேல் இருக்கும் லீவர் நகர்ந்து பிரேக்கை விடும். உங்களுக்கு முதல் பாதி நடக்கிறது, அதனால்தான் தண்ணீர் போகிறது. இரண்டாம் பாதி நடக்கவில்லை.

தண்ணீர் திரும்பப் பிடிப்பதும் இதனால்தான். ட்ரம் நிற்கப் பல்சேட்டர் மட்டும் விடாமல் சுற்றினால் ஈரத் துணி ஒருபக்கம் சுருண்டு சேரும், டப் இடிக்கும். பாரம் சரியில்லை என்று நினைத்து மெஷின் தண்ணீர் விட்டுத் துணியைப் பிரிக்கப் பார்க்கிறது. மூன்று தடவை தோற்றால் யுஇ. போர்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

வயர்மேன்_மதுரை:
டிரெயின் மோட்டாருக்கு கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லவில்லையே?

ஸ்பேனர்10:
'கிர்ர்' சத்தம் வந்து வால்வும் திறக்கிறது என்றால் கரண்ட் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். பழக்கமில்லாதவர் ஓடும் மெஷினுக்குள் 230 வோல்ட்டில் மீட்டர் முனையை நீட்ட வேண்டாம்.

மாடிவீடு, இனி கையால் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. குழாயை மூடி இன்லெட் பைப்பைக் கழற்றுங்கள். பின்பக்க மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் தெரியும். தெரியவில்லை என்றால் டப்புக்கும் வெளி உடம்புக்கும் இடையில் பழைய போர்வையைத் திணித்து, இரண்டு பேராகப் பிடித்து மெஷினைச் சாய்த்துச் சுவரில் சாத்துங்கள். ட்ரம்மைச் சுற்றியிருக்கும் டப் நான்கு சஸ்பென்ஷன் ராடில் தொங்குகிறது, திணிக்காமல் சாய்த்தால் ஒன்று கழன்றுகொள்ளும். கெபாசிட்டரின் இரண்டு முனைகளையும் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் இருக்கலாம்.

உள்ளே டிரெயின் வால்வின் கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து போனால் லீவர் வரும். அதை விரலால் கடைசி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மேலே ட்ரம்மைச் சுற்றச் சொல்லுங்கள். லீவரை விட்ட நிலையில் ஒரு திசையிலாவது ட்ரம் கெட்டியாக நிற்க வேண்டும். இழுத்த நிலையில் ஸ்பின் திசையில் லேசாகச் சுற்ற வேண்டும், பல்சேட்டரும் கூடவே வர வேண்டும். லீவரை விட்டதும் ஸ்பிரிங் அதை 'டப்' என்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்து போனால் அங்கேதான் நோய்.

கூடவே எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடியில் வலை இல்லாத மெஷினில் பல கேஸ் அதுதான்.

மாடிவீடு_தாம்பரம்:
எலி இல்லை, வயர்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் லீவர் மேல் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது, அப்பளப்பூ மாதிரி. லீவர் மாட்டியிருக்கும் அச்சுப் பின் (pin) முழுக்கத் துரு. விரலால் இழுத்தால் பாதியில் நிற்கிறது. பலமாக இழுத்தால் வருகிறது, விட்டால் திரும்பிப் போகவில்லை. முழுசாக இழுத்துப் பிடித்தபோது ட்ரம்மும் பல்சேட்டரும் சேர்ந்து சுற்றின!

உவர்நீர்:
அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் துருவை மட்டும் சுரண்டினால் நான்கு மாதத்தில் திரும்ப வரும். இரண்டு இடம் பாருங்கள். டப்பின் நடு அடியில், ஷாஃப்ட்டைச் சுற்றித் துருக்கோடு ஓடியிருந்தால் ஆயில் சீல் போய்விட்டது, அடுத்தது பேரிங், செலவு பெரிசு. அங்கே காய்ந்திருந்து, டிரெயின் வால்வுக் கம்பி வெளியே வரும் இடத்தில் ஈரமாக இருந்தால் வால்வுக்குள் இருக்கும் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது, செலவு சின்னது.

மாடிவீடு_தாம்பரம்:
நடுவில் காய்ந்து இருக்கிறது. கம்பி இருக்கும் இடத்தில்தான் ஒரு சொட்டு தொங்குகிறது.

ஸ்பேனர்10:
தப்பித்தீர்கள்.

வால்வின் வெள்ளை மூடியைச் சுற்றித் திருகினால் கழன்று வரும் (சில மாடலில் ஸ்க்ரூ). அதற்கு முன் கம்பியை டிரெயின் மோட்டார் கொக்கியிலிருந்து விடுவித்து, எப்படி மாட்டியிருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள், கால் லிட்டர் அழுக்குத் தண்ணீர் வரும். பெல்லோஸை விரலால் விரித்துப் பாருங்கள், மடிப்பின் உள்பக்கம்தான் கிழியும். ஹேர்பின், ஊக்கு, சட்டைக் காலர் பிளாஸ்டிக் ஏதாவது குத்தியிருக்கும். அதை எடுக்காமல் புது ரப்பர் போட்டால் அதையும் குத்தும். வால்வு உட்காரும் விளிம்பில் படிந்த உப்பை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் நனைத்த துணியால் துடையுங்கள். கடைக்குப் பழைய பெல்லோஸையே எடுத்துப் போங்கள். பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், உயரத்தில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் ஒழுகும்.

லீவர் பின்னுக்கு: பித்தளை பிரஷால் உப்பைத் தேய்த்து எடுங்கள். டபிள்யூடி-40 ஸ்ட்ரா வைத்துப் பின்னில் மட்டும் இரண்டு சொட்டு. அதற்கு மறுபக்கம் ஒரு துணி பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் பட்டையிலோ பெல்ட்டிலோ தெறித்தால் ஸ்பின் முடிந்த பிறகு ட்ரம் நிற்காது, பெல்ட் வழுக்கும். பத்து நிமிடம் விட்டு முன்னும் பின்னும் ஐம்பது தடவையாவது ஆட்டுங்கள். பிறகு கொஞ்சம் கிரீஸ், ஏனென்றால் டபிள்யூடி-40 துருவை இளக்கும், மசகாக நெடுநாள் நிற்காது.

லீவரை ஒட்டி ஒரு அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கும். அதை இப்போது தொடாதீர்கள். துரு போன பிறகும் இழுப்பு போதவில்லை என்றால் மட்டும் கால் சுற்று திருப்பிப் பார்க்கலாம். அதிகம் திருப்பினால் துவைக்கும்போதே பிரேக் பாதி விட்டுவிடும், ட்ரம்மும் பல்சேட்டரோடு சேர்ந்து ஆடும், அழுக்குப் போகாது.

ரிச்சி_தெரு:
என் கெபாசிட்டரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உவர்நீர்:
இந்தத் தண்ணீருக்கு ஒரு வார்த்தை. டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது, கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும். குழாயில் பூப்பது கால்சியமும் மக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500-இல் மொத்தக் கடினத்தன்மை வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் சொட்டு மருந்து வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை: காலி ட்ரம்மில் நிறைய தண்ணீர் பிடித்து, இரண்டு பக்கெட் கை பொறுக்காத சூட்டு வெந்நீர் சேர்த்து, 200 கிராம் எலுமிச்சை உப்பு. ஐந்து நிமிடம் சுற்றவிட்டு நிறுத்தி ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி முழு சுற்று. ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள், ட்ரம்மைத் தாங்கும் அலுமினியப் பாகத்தை அமிலம் அரிக்கும். அன்றைக்கு ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். குழாயில் மாட்டும் உருண்டை ஃபில்டர் கடினத்தன்மையை எடுக்காது, உப்பு படியாமல் பிடித்து வைக்கும், அதுவும் உருண்டை கரைந்து தீரும் வரைதான்.

இன்லெட் பைப் மெஷினில் சேரும் இடத்தில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். கழற்றியதுதான் கழற்றினீர்கள், அதையும் குறடால் இழுத்துக் கழுவிவிடுங்கள்.

மாடிவீடு_தாம்பரம்:
முடிந்தது. பெல்லோஸ் மடிப்பில் நக அளவு கிழிசல், உள்ளே ஒரு வளைந்த ஊக்கு. புது ரப்பர் 170 ரூபாய். லீவர் இப்போது 'டப்' என்று திரும்புகிறது. நேற்று முழு லோட் போட்டேன், ஸ்பின் முழு வேகம், துணி பாதி காய்ந்த மாதிரி வருகிறது. ஒன்றே ஒன்று பாக்கி: ஸ்பின் தொடங்கும் முதல் அரை நிமிடம் கொஞ்சம் அதிகமாக ஆடுகிறது. இதுவும் லீவரா?

ஸ்பேனர்10:
இல்லை, அது டப் தொங்கும் ராடாக இருக்கலாம். மூடியைத் திறந்து டப்பின் விளிம்பைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு துள்ளல், மிஞ்சினால் இரண்டில் அடங்க வேண்டும். ஊஞ்சல் மாதிரி நாலைந்து தடவை ஆடினால் ராடின் கீழ்க்கோப்பையில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. கழற்றுவதாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எந்த மூலையில் இருந்தது என்று டேப் ஒட்டிக் குறியுங்கள். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பலம் வேறாக இருக்கலாம், அதற்குத்தான் நுனியில் கலர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் மெஷினின் நாலு காலும் தரையில் உட்கார்ந்திருக்கிறதா என்று மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள், சாய்த்து நிமிர்த்தியதில் ஏதாவது ஒரு காலின் திருகு தளர்ந்திருக்கலாம்.

மாடிவீடு_தாம்பரம்:
முன்பக்க வலது கால்தான். அரைச் சுற்று இறக்கி நட்டை முடுக்கினேன், நின்றுவிட்டது.