கடலோரமா, கரையோரமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘Integrated Coastal Zone Management’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘ஒருங்கிணைந்த கடலோர மண்டல மேலாண்மை’ என்ற தமிழ்க் கலைச்சொல் முன்மொழிவைப் படித்தேன். வங்கக் கடலுக்கு அது போதும். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை நாற்புறமும் நிலம் சூழ்ந்த காஸ்பியன் நீர்ப்பரப்பைப் பற்றியது. அங்கே முதல் பத்தியிலேயே இந்தச் சொல் இடறுகிறது.

காஸ்பியன் கடலா, ஏரியா என்பதே நெடுநாள் வழக்கு. 1991 வரை அதன் கரையில் இருந்தவை சோவியத் ஒன்றியமும் ஈரானும்தான். பிறகு ரஷ்யா, கஜகஸ்தான், துர்க்மெனிஸ்தான், அஜர்பைஜான், ஈரான் என ஐந்து. (ஈரானும் உள்ளே இருப்பதால் ‘பின்சோவியத் நாடுகள்’ என்று மொத்தமாக எழுதிவிடவும் முடியாது.) கடல் என்றால் பங்கீடு ஒரு விதம், ஏரி என்றால் வேறு விதம். அடியில் எண்ணெய் கிடக்கும்போது பெயரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசி, 2018இல் கஜகஸ்தானின் அக்தாவ் நகரில் இரண்டிலும் சேராத தனி ஏற்பாடு ஒன்றுக்குக் கையெழுத்திட்டார்கள். அந்த வழக்குக்கு நாம் ஒரு கலைச்சொல்லில் தீர்ப்பு எழுத வேண்டாம். ‘கரையோரம்’ என்போம், குளத்துக்கும் கரை உண்டு, கடலுக்கும் உண்டு.

‘மண்டலம்’ என்றால் கோடு கிழித்து வைத்த இடம். இந்தக் கரையோ நிற்பதில்லை. 1977இல் நீர்மட்டம் உலகக் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 29 மீட்டர் கீழே இருந்தது. 1995க்குள் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஏறியது. இப்போது மறுபடி இறங்குகிறது. வடக்கே கஜகஸ்தான் பக்கம் தரை தட்டு போலக் கிடப்பதால், நீர் சிறிது வற்றினாலும் கரை வெகுதூரம் விலகிவிடும். படகு கட்டிய இடம் உப்புத்தரையாகிவிடும். காஸ்பியனின் சுற்றுச்சூழலைக் காக்க ஐந்து நாடுகளும் செய்துகொண்ட 2003ஆம் ஆண்டுத் தெஹ்ரான் உடன்படிக்கையில் 15ஆம் பிரிவு கரையோர மேலாண்மை, 16ஆம் பிரிவு நீர்மட்ட ஏற்ற இறக்கம். அடுத்தடுத்து வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ‘ஓரம்’ என்பதிலேயே நிலப்பட்டை அடங்கிவிடுகிறதே, மண்டலம் எதற்கு?

‘ஒருங்கிணைந்த’ முன்னால் நின்றால் கரைதான் ஒருங்கிணைந்திருப்பதாகப் படுகிறது. அதை மேலாண்மையோடு ஒட்டி வினைத்தொகையாக்கலாம்: கரையோர ஒருங்கிணை மேலாண்மை. முக்காலமும் அடங்கும்: இணைத்த, இணைக்கின்ற, இணைக்கும். ஸ்டர்ஜன் மீன், எண்ணெய்க் கிணறு, துறைமுகம், வோல்கா ஆறு கொண்டுவரும் கழிவு ஆகிய அனைத்தையும் ஐந்து அரசுகள் சேர்ந்து கவனிக்க வேண்டிய இடத்தில் எதிர்காலம்தான் பொருத்தம்.

கட்டுரையில் இப்போதைக்கு இதையே இட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல மறுப்பு வந்தால் மாற்றிவிடுகிறேன். மண்டலத்தை மட்டும் திரும்பக் கொண்டுவராதீர்கள்.