அடுக்கு நந்தியாவட்டையா, கார்டீனியாவா?

பூ இல்லாத நாளில் இவ்விரு செடிகளையும் பிரித்தறிய எனக்குப் பெரிதும் கைகொடுப்பது இலைக்காம்புதான். கோவையில் எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சாலையோர நர்சரியில் கார்டீனியா என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி வைத்துவிட்டு, பூ அடுக்கடுக்காக வந்தும் அந்தப் பேர்பெற்ற மணம் மட்டும் வரவில்லையே என்று உரத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ஓர் இலையைக் கிள்ளியதும் காம்பில் வெண்பால் துளித்து நின்றது. "டீச்சர், இது நம்ம அடுக்கு நந்தியாவட்டைங்க" என்றேன். நந்தியாவட்டை அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் எங்கே ஒடித்தாலும் பால் வடியும். கார்டீனியாவோ காப்பி, இட்லிப்பூ ஆகியவற்றின் உறவு, அதில் பால் கிடையாது. பால் பட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் கழுவிவிட வேண்டும்.

பூத்திருந்தால் வேலை இன்னும் எளிது. நந்தியாவட்டையின் மொட்டுகள் சிறு கொத்தாக வரும். இதழ்கள் மெல்லியவை, ஓரம் கசங்கியதுபோல் நெளிந்திருக்கும். இரவில் நெருங்கி முகர்ந்தால் இலேசான மணம் உண்டு. கார்டீனியா பெரும்பாலும் கிளை நுனியில் தனிப்பூவாக மலரும். மெழுகு பூசியதுபோன்ற தடித்த அதன் இதழ்கள் ஓரிரு நாளில் வெண்ணெய் நிறத்துக்கு மாறி, பிறகு மஞ்சளாகும். மணமோ வாசலைத் தாண்டி வரும். ஒற்றை அடுக்கு வகைகளில் நந்தியாவட்டைக்கு 5 இதழ்களும் கார்டீனியாவுக்குப் பெரும்பாலும் 6 இதழ்களும் இருக்கும்.

புழுக்களும் ஏமாறுவதில்லை. தலைக்கருகே நீலக் கண்போன்ற புள்ளிகள் கொண்ட கொழுத்த பச்சைப் புழு இலைகளைக் காலி செய்துகொண்டிருந்தால், அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அது விரும்பித் தின்பது நந்தியாவட்டையைத்தான்.

வளர்ப்பில்தான் இரண்டும் வெகுவாக வேறுபடுகின்றன. நந்தியாவட்டை எந்த மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும், கவாத்து செய்தால் வேலியாகவும் நிற்கும். கார்டீனியாவுக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தால் மண்ணிலுள்ள இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளந்தளிர் மஞ்சளித்துவிடும். மழைநீரைச் சேமித்து ஊற்ற வழியில்லாத வீட்டில் அதைத் தரையில் நடுவதைவிடத் தொட்டியில் வைத்து, மண்கலவையை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.