டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைக்கலாம்?

கேள்வி: ஒர்லாண்டோவில் நாலு நாள். பிள்ளைகளுக்கு 2, 7 வயசு. பார்க்குக்குள்ள சாப்பாடு கொண்டுபோக விடுவாங்களா?

பதில் 1: விடுவாங்க. சூடுபண்ணத் தேவையில்லாத சாப்பாடா இருக்கணும். கண்ணாடிப் பாட்டில் கூடாது, குழந்தை உணவு ஜாடிக்கு மட்டும் விலக்கு. கூலர் 24×15×18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. உதிரி ஐஸுக்கும் அனுமதியில்லை, ஜெல் பேக் வைங்க.

பதில் 2: புளியோதரை, சப்பாத்தி ரோல் தாங்கும். தயிர்சாதம் வேண்டாம், ஃப்ளோரிடா வெயில்ல மதியத்துக்குள்ள புளிச்சிடும். தண்ணிக்குக் காசு கொடுக்காதீங்க! குளிர்பான மெஷின் இருக்கற கவுன்டர் கடையில கேட்டா ஐஸ் தண்ணி இலவசம்.

பதில் 3: பஃபே ஆசை இருந்தா இந்தப் பயணத்திலேயே முடிச்சிடுங்க. 3 வயசுக்குள்ள இலவசம், 3 முதல் 9 வரை குழந்தைக் கட்டணம், 10 ஆனா பெரியவங்க கணக்கு. முன்பதிவு 60 நாள் முன்னாடியே திறக்கும்.