கண்ணாம்பா தமிழ் தெரியாமலா அப்படிப் பேசினார்?

வெள்ளவத்தைப் பேரன்:

வணக்கம். பழைய படங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி வேண்டும். வீட்டில் நடக்கும் சண்டையைத் தீர்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அம்மம்மாவுக்கு 84 வயது. வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருக்கிறார். போன ஞாயிறு பின்னேரம் யூடியூபில் சிவாஜியின் பழைய படம் மனோகரா போட்டுக் கொடுத்தேன். மடியில் சுளகை வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிவாஜியைச் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிற இடம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு அம்மாவாக நடித்த கண்ணாம்பா வாய் திறக்க முன்னமே அம்மம்மா "பொறுத்தது போதும்" என்று சொல்லிவிட்டார், டிவியில் அது பிறகுதான் வந்தது. சின்ன வயதில் கொழும்பில் தன் அப்பாவோடு போய்ப் பார்த்த படமாம், எழுபது வருடம் கழிந்தும் வசனம் அச்சுப் பிசகாமல் நிற்கிறது.

அந்த நேரம் பார்த்து மேல் மாடியில் இருக்கும் மாமா வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "இவ தெலுங்குக்காரியல்லோ, ஒரு சொல் தமிழ் தெரியாது, ஆரோ பின்னுக்கு நின்று குரல் குடுத்திருப்பினம்" என்றார். அம்மம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு "அது அவவின்ர சொந்தக் குரல்தான், உமக்கு என்ன தெரியும்" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் கதைப்பதில்லை. மாமா பேப்பர் வாங்கக்கூட எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

அந்தக் குரல் யாருடையது? கண்ணாம்பாவுக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா? அதோடு, எனக்கு இவரை அம்மா வேடத்தில் மட்டும்தான் தெரியும், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

---

பழைய றெக்கோட்:

தம்பி, அம்மம்மா வென்றுவிட்டார் என்று இப்போதே போய்ச் சொல்லுங்கள். குரல் கண்ணாம்பாவுடையதுதான்.

மாமா குழம்பியதற்கும் காரணம் இருக்கிறது. இந்தக் காலத்துக் கதாநாயகிகளில் பாதிப் பேருக்கு வேறு ஆள் குரல் கொடுக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்து அந்தக் காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கண்ணாம்பா தமிழுக்கு வந்த காலத்தில் நடிகர் பேசுவதைப் படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு செய்தார்கள். மைக் தலைக்கு மேலே தொங்கும், வசனம் ஒரு சொல் பிசகினால் முழுக் காட்சியும் திரும்ப எடுக்கவேண்டும். இவர் நாடகத்திலிருந்து வந்தவர், பாட்டையும் தானே பாடியவர், மேடையின் கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை.

1911 இல் பிறந்தவர், ஆந்திரப் பக்கம், பசுபுலேட்டி என்பது குடும்பப் பெயர். சினிமாவுக்கு வந்தது 1935 இல், தெலுங்கு ஹரிச்சந்திராவில் சந்திரமதியாக. அடுத்த வருடம் நடந்ததுதான் சுவாரசியம். திரௌபதி துகில் உரிதலை வைத்து ஒரே வருடத்தில் இரண்டு தெலுங்குப் படங்கள் போட்டி போட்டு வந்தன. ஒன்றில் பெரிய நாடக மேதை பெல்லாரி ராகவா துரியோதனன், சுரபி கமலாபாய் திரௌபதி. மற்றதில் யடவல்லி சூரியநாராயணா துரியோதனன், கண்ணாம்பா திரௌபதி. ஓடியது கண்ணாம்பாவின் படம். 1938 இல் கிருஹலட்சுமி, எச். எம். ரெட்டி இயக்கியது. சித்தூர் நாகையா முதன்முதலில் திரைக்கு வந்ததும் அதில்தான்.

தமிழில் முதல் படம் 1940 இல் கிருஷ்ணன் தூது, அங்கேயும் திரௌபதிதான். மறு வருடம் தியாகராஜ பாகவதரோடு அசோக்குமார். 1942 இல் கண்ணகி, பி. யு. சின்னப்பா கோவலன், வசனம் இளங்கோவன். அதிலிருந்து தமிழ்நாட்டில் கண்ணகி என்றால் இவர் முகம்தான்.

மாமாவுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. கன்னட ஹரிச்சந்திராவுக்கு ஏவி. மெய்யப்பன் தமிழ்க் குரல் ஏற்றி வெளியிட்டார், தமிழில் டப்பிங் என்பதே அந்தப் படத்தில்தான் ஆரம்பம். அது வந்தது 1944 இல். அதே வருடம் இன்னொரு தமிழ் ஹரிச்சந்திராவும் வந்தது, அதில் சின்னப்பாவும் கண்ணாம்பாவும். ஒரே கதை, ஒன்றில் இரவல் குரல், மற்றதில் தெலுங்குக்காரியின் சொந்தத் தமிழ்.

---

கொட்டாஞ்சேனைக் குமார்:

குரல் சரி, றெக்கோட் அண்ணை சொன்னதில் மறுப்பு இல்லை. ஆனால் மாமா சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். வந்த காலத்தில் அவருக்குத் தமிழ் வராது. வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கித்தான் பேசினார் என்பது பழைய சினிமாக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி. அதுவும் யாருடைய வசனம், இளங்கோவனுடையது! சும்மா "வா, போ, சாப்பிடு" இல்லை. மூச்சு விட இடம் தராத அடுக்குத் தமிழ். எங்களில் எத்தனை பேர் அதைத் தடக்காமல் வாசிப்போம்?

என் கேள்வி இதுதான். விளங்காமல் பாடமாக்கிப் பேசியதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது? கிளி பேசுவது மாதிரித்தானே?

---

மேடை அக்கா:

குமார் தம்பி, கிளி என்று சொன்னதால்தான் எழுத வந்தேன், இல்லாவிட்டால் வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

நான் சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு சிங்கள நாடகத்தில் நடித்தேன். கடையில் விலை கேட்கிற சிங்களம் எனக்குத் தெரியும், மேடையில் பேசுகிற சிங்களம் தெரியாது. எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும் என்று வசனம் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி எடுத்தேன். அங்கேதான் அடி விழுந்தது. கல்லுக்குச் சிங்களத்தில் உள்ள சொல்லை எங்கள் எழுத்தில் எழுதினால் "கல" என்றுதான் வரும். நான் கடவுளில் வருகிற "க" போட்டு வாசித்தேன், அது வேறு சொல்லாகிவிட்டது. அதைவிட மோசம், சிங்களத்தில் "அ"வுக்கும் "எ"க்கும் நடுவில் ஒரு ஓசை இருக்கிறதே, அதற்கு நான் என்ன எழுதுவது? கொப்பியில் "அ" போட்டு மேலே சிவப்புப் பேனையால் ஒரு பூச்சி மாதிரி கீறி வைத்தேன். ஒத்திகைக்கு ஒத்திகை பூச்சிகள் கூடிக்கொண்டே போயின.

கண்ணாம்பாவுக்குப் பிரச்சினை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். தெலுங்கில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து. "பகல்" என்று எழுதும்போது நடுவில் வருகிற "க"வை மென்மையாகச் சொல்லவேண்டும் என்று அந்த எழுத்தே காட்டிக் கொடுக்கும். "தம்பி"யில் வருகிற "பி"யும் அப்படித்தான். எங்கள் எழுத்து அதைச் சொல்லாது, நாங்கள் பழக்கத்தில் சொல்கிறோம். ஆகவே அந்த அளவில் அவருடைய கொப்பி எங்களுடைய கொப்பியைவிடத் துல்லியமானது. ஆனால் "ழ"? இன்றைய தெலுங்கில் அதற்கு எழுத்தே கிடையாது. கண்ணகி கதையோ முழுக்க ழகரம்: சோழநாடு, ஊழ்வினை, பழி, அழல். அதை எழுத்தில் பிடிக்க முடியாது, இன்னொருவர் வாயைப் பார்த்து, காதால் கேட்டு, நாக்கை வளைத்துப் பழகவேண்டும். அவரும் என்னைப் போல ஏதோ ஒரு பூச்சி கீறித்தான் வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

விளங்காமல் பேசினார் என்பதை நான் ஏற்கமாட்டேன். மொழி தெரியாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் என்ன கருத்து என்று கேட்டே ஆகவேண்டும், எந்தச் சொல்லில் குரல் ஏறவேண்டும், எதில் உடையவேண்டும் என்று தீர்மானிக்கவேண்டும். தாய்மொழியில் பேசும்போது நான் அந்த வேலையைச் செய்வதே இல்லை, வாய் தானாக ஓடும். அந்தச் சிங்கள நாடகத்தில்தான் ஒரு வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு எடை தெரிந்தது. கண்ணகி படத்தில் அரசவைக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு சொல்லையும் விழுங்கமாட்டார். தமிழர்களாகிய நாங்கள் விழுங்குவோம்.

இன்னொன்று, தலைப்புக்கு வெளியே என்றாலும் சொல்கிறேன். எங்கள் ஊரில் இதன் மறுபக்கம் ருக்மணி தேவி. டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்று பெயர் வைத்த பிள்ளை, கொழும்புச் செட்டிக் குடும்பம். 1947 இல் முதல் சிங்களப் பேசும் படமான கடவுணு பொரொந்துவவின் கதாநாயகி அவர்தான். படத்தை எடுத்ததோ மதுரையில். தெலுங்கர் தமிழ் பேச, ராசம்மா சிங்களம் பேச, அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை போல.

---

கொட்டாஞ்சேனைக் குமார்:

சரி அக்கா, கிளியைத் திரும்பப் பெறுகிறேன். பூச்சி கீறின கொப்பி இருந்தால் ஒரு படம் போடுங்கள்.

---

செட்டியார் தெரு சிவா:

எல்லாரும் கண்ணகி, மனோகரா என்று வசனத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தம்பி மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டாரே, அம்மாவாவதற்கு முன் என்ன செய்தார் என்று.

அசோக்குமாரைப் பாருங்கள். அதில் அவர் பத்தினி இல்லை. அசோகனின் இளைய அரசி திஷ்யரட்சிதை, மூத்த தாரத்து மகன் குணாளன் மேல் ஆசைப்படுகிறவள். குணாளன் பாகவதர், அசோகன் நாகையா. 1941 இல் அப்படியொரு வேடத்தை ஏற்பதற்கே துணிவு வேண்டும், அதுவும் சந்திரமதி, திரௌபதி என்று பெயர் எடுத்தவர். பிள்ளை முறையானவனை மயக்கப் பார்க்கிறார், அவன் மறுத்ததும் முகம் மாறுகிறது. நல்லவளாக வந்த படங்களைவிட எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும். அதற்கு முதல் வருடம் தெலுங்கில் சண்டிகா, அதில் வாளெடுத்து நின்றவர். இதெல்லாம் முடிந்து பதின்மூன்று வருடம் கழித்துத்தான் மனோகரா. அப்போது அவருக்கு 42 வயது, சிவாஜிக்கு 25. அத்தோடு அம்மா என்று முத்திரை குத்தியாயிற்று. தாய்க்குப் பின் தாரத்தில் எம்.ஜி.ஆருக்கு அம்மா, உத்தம புத்திரனில் இரட்டைச் சிவாஜிக்கும் அம்மா, படிக்காத மேதையில் ரங்காராவின் மனைவி. நாற்பது தாண்டிய நடிகைக்கு அன்றும் அதே கதைதான், இன்றும் அதே கதைதான், எனக்கு அதில் எரிச்சல் உண்டு.

அவர் முதலாளியாகவும் இருந்தார் என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? கணவர் கடாரு நாகபூஷணம், இரண்டு பேரும் சேர்ந்து ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பிலிம் கம்பனி நடத்தினார்கள். றெக்கோட் அண்ணை சொன்ன அந்த 1944 ஹரிச்சந்திராவும் அவர்கள் எடுத்ததுதான். தமிழிலும் தெலுங்கிலுமாக வரிசையாகப் படங்கள், 1962 இல் தக்ஷயக்ஞம் வரைக்கும். 1964 மே மாதம் இறந்துபோனார், வயது 52.

கடைசியாக ஒன்று, அடிக்க வரவேண்டாம்: நடிப்பில் என் ஓட்டு பானுமதிக்குத்தான். அவரும் தெலுங்குதான், 1953 இல் சண்டிராணியைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் தானே இயக்கினவர். தாய்க்குப் பின் தாரத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள், தேவர் பிலிம்ஸின் முதல் படம், மாடு, சல்லிக்கட்டு, கிராமம் என்று அவ்வளவு தமிழான படம், அதில் அம்மாவும் தெலுங்கு, கதாநாயகியும் தெலுங்கு.

---

பழைய றெக்கோட்:

சிவா, பானுமதியை இங்கே இழுத்தால் இந்த இழை முடியாது. தனியாகத் தொடங்குங்கள், வருகிறேன்.

தம்பி, கண்ணகியையும் அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். பிரதி இருக்கிறது, ஒலி கொஞ்சம் கரகரக்கும், சத்தத்தைக் கூட்டி வைக்கவேண்டும்.

---

வெள்ளவத்தைப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மேடை அக்கா எழுதியதை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூச்சி கீறின இடத்தில் நல்லாகச் சிரித்தார். பிறகு "அவரையும் கூப்பிடு" என்றார். மாமாவைத்தான். அவரும் வந்து கதவடியிலே நின்றார், தேத்தண்ணி கொடுத்ததும் உட்கார்ந்தார். கண்ணகி போட்டேன். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஒவ்வொரு "ழ" வரும்போதும் சுளகு விளிம்பில் ஒரு விரலால் தட்டினார். தட்டுகிற சத்தம் கூடக் கூட மாமா தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசவைக் காட்சி முடிந்ததும் மாமா மெல்லத் தொண்டையைச் செருமி, "ஓம் அக்கா, குரல் அவவின்ரதான், நான் பிழை" என்று சொன்னார். நான் அப்பாடா என்று நினைத்தேன். அவர் அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். "ஆனா பானுமதி அளவுக்கு வருமே?" என்று கேட்டுவிட்டார்.

அம்மம்மா றிமோட்டை எடுத்து டிவியை நிறுத்திவிட்டு முருங்கையிலையோடு குசினிக்குள் போய்விட்டார். சிவா அண்ணை, நீங்கள்தான் எங்கள் மேல் மாடி மாமாவோ என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.