நோய்க்கட்டிக்கு ‘முட்டை’ என்ற சொல் வேண்டாம்: கோழி நோய்க் கலைச்சொற்கள் குறித்து

குழுமத்தார்க்கு வணக்கம்.

வீட்டுக்கோழி வளர்ப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், முட்டையிடும் உறுப்பில் வரும் தொற்றுக்குக் ‘கருப்பை நோய்’ என்று முன்வைக்கப்பட்டுள்ளதை என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டைக்கோழிக்குப் பெரும்பாலும் இடப்பக்கச் சூலகமும் அதையொட்டிய ஒரு நீண்ட குழாயும் மட்டுமே வளர்ந்து இயங்குகின்றன. மஞ்சள் கரு அக்குழாயின் புனல்வாயில் விழுந்து, வெண்கரு சேரும் பகுதியில் சுமார் 3 மணி நேரமும், ஓடு படியும் பகுதியில் சுமார் 20 மணி நேரமும் தங்கிய பின்னரே முட்டையாக வெளிவருகிறது. எச்சத்துவாரத்தின் வழியே மேலேறும் ஈ.கோலி போன்ற நுண்ணுயிரிகள் இக்குழாயின் எந்தப் பகுதியையும் பற்றக்கூடும் என்பதால், ‘முட்டைக்குழாய் அழற்சி’ என்பதே பொருந்தும். குழாயைக் ‘கருக்குழாய்’ என்று சொன்னாலும் பெண்கள் மருத்துவம்தான் நினைவுக்கு வரும்.

இந்நோயில் சில கோழிகள் வெளித்தள்ளும் கட்டிக்குப் பெயர் வைப்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதையும் முட்டை என்றே அழைப்பதால், இழையில் ‘சீழ்முட்டை’, ‘கூமுட்டை’ என இரு பரிந்துரைகள் வந்துள்ளன. கூமுட்டை என்பது அடையில் வைத்துக் குஞ்சு பொரிக்காமல் கெட்டுப்போனதற்கு நம் பாட்டிமார் காலத்திலிருந்தே வழங்கும் சொல். அதைத் தொட வேண்டாம். சீழ்முட்டை என்பதிலோ வேறோர் இடர் உள்ளது. இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீட்டின் பின்புறம் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) வளர்க்கும் அண்டை வீட்டு அம்மா ஒருவர், கூட்டில் கிடந்த அப்படியொரு கட்டியை ஓடு இறுகாத தோல்முட்டை என்று எண்ணி, கோழிக்குக் கிளிஞ்சல் தூள் போட்டால் சரியாகிவிடும் என்றிருந்தார். வெட்டிப் பார்த்தபோது அது ரப்பர்போல் அழுந்தியது, உள்ளே வெங்காயத்தைப் போல் அடுக்கடுக்காக மஞ்சள் நிறச் சீழ் இறுகியிருந்தது, நாற்றமும் அடித்தது. முட்டை என்ற பெயர் இருக்கும்வரை, கோழி இன்னும் இட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்ற எண்ணமும் போகாது. எனவே ‘சீழ்த்திரளை’ என்பதை முன்வைக்கிறேன். திரளை என்பது உருண்டு திரண்ட கட்டியைக் குறிக்கும் பழைய சொல்லே.

மஞ்சள் கரு புனல்வாயில் சேராமல் வயிற்றுக்குள் விழுந்து தொற்று ஏற்படுவதை ‘மஞ்சள்கரு வயிற்றறை அழற்சி’ என்று தனியே பதிவது நல்லது. முட்டை வெளிவராமல் குழாயில் சிக்கிக்கொள்வதை ‘முட்டைச் சிக்கல்’ எனலாம். ‘அடைப்பு’ என்றால் அடைக்கோழியோடு குழம்பும். முட்டை சிக்கிய கோழியை வெதுவெதுப்பான நீரில் அமர்த்துவது உதவக்கூடும்; அழற்சியை அது தீர்க்காது. வயிறு வீங்கி, நிமிர்ந்து நின்று, கொண்டை வெளிறி, முட்டை நின்றுபோன கோழியைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைக் கையேடு அழுத்திச் சொல்லட்டும். தொடக்கத்தில் நுண்ணுயிர்க்கொல்லி பயன்படலாம். சீழ் இறுகிய பிறகு மருந்து அதனுள் சென்று சேர்வது அரிது.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

மறுமொழி:

ஐயா, முட்டைக்குழாய் அழற்சிக்கு உடன்படுகிறேன். சீழ்த்திரளை பொருத்தமே என்றாலும், ‘திரளை’ இன்று எல்லார்க்கும் விளங்குமா என்ற ஐயம் இருப்பதால், முதன்முறை வரும் இடத்தில் ‘சீழ்க்கட்டி’ என்று விளக்கம் சேர்க்கலாம். மருந்து கொடுத்த பின் முட்டையை உண்ணாமல் விடவேண்டிய நாள்களுக்கு ‘விலக்குக் காலம்’ என்று பட்டியலில் இருக்கிறது. கடையில் தாமாகவே மருந்து வாங்கித் தண்ணீரில் கலக்குவோர் நம் வட்டாரத்தில் உண்டு. அவர்கள் கோழியை விலக்கிவைக்கும் காலம் என்று பொருள்கொள்ளக்கூடும். ‘முட்டை உண்ணாக் காலம்’ என மாற்றலாமா?