கத்தாரில் புல்வெளிக்கு ஏது தண்ணீர்?

கேள்வி: ஆறும் இல்லை, மழையும் பேருக்குத்தான். ஆனால் தோஹா சாலை நடுவே பச்சைப் புல், ஓரத்தில் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய். குடிதண்ணீரையா ஊற்றுகிறார்கள்?

பதில் 1: இல்லைங்க, பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். தீவனப் பயிருக்கும் அது போகிறது. குடிநீர்தான் கிட்டத்தட்ட முழுக்கக் கடல்நீரில் உப்பு நீக்கி எடுப்பது, அதற்கு எரிவாயு எரிய வேண்டும்.

பதில் 2: எரிவாயு கிடக்கட்டும், மிஞ்சும் உப்புக்கரைசல் திரும்ப வளைகுடாவுக்கே போகிறதே, அங்கே சராசரி ஆழமே சுமார் 35 மீட்டர்தான், ஏற்கெனவே உப்பு அதிகம், கடற்புல் மேயும் ஆவுளியாக்கள் (கடற்பசுக்கள்) வேறு இருக்கின்றன.

பதில் 3: சரி, எரிவாயுவைக் குறைக்க ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். 2022-ல் திறந்த அல் கர்சா சூரிய மின்நிலையம் 800 மெகாவாட்.

கேட்டவர்: அப்புறம் ஏன் புல்? இலந்தை வைத்தால் பாதித் தண்ணீர்கூட வேண்டாமே!